புளோரிடாவில் எண்ணப்படாத வாக்குகள்

(வாசிகசாலை ஆண்டு விழாவொன்றில் நியாயதுரந்தரர் ஒருவர் ஆற்றிய உரை)



சட்டம் பற்றி ஏதேனும் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். காணி வழக்கு, வேலி வழக்கு, தேசவழமை என்று தொடங்கினால் இங்கு அமர்ந்திருப்போரிற் பாதிப் பேருக்கு என்னைவிட அதிகம் தெரியும். ஆகவே கடல் கடந்த வழக்கொன்றை எடுத்துக்கொண்டேன். 2000ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி யார் என்பதை ஒரேயொரு மாநிலம் தீர்மானித்தது. அம்மாநிலத்தில் ஏறத்தாழ அறுபது இலட்சம் வாக்குகளுள் 537 வாக்குகள் தீர்மானித்தன. அந்த 537 சரியோ பிழையோ என்று எண்ணிப் பார்க்கும் வேலையை நீதிமன்றமே நிறுத்திவைத்தது.

முதலில் அந்நாட்டுத் தேர்தல் முறையைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். நமது நாட்டில் சனாதிபதித் தேர்தல் என்றால், பருத்தித்துறையில் இடும் புள்ளடியும் தேவேந்திரமுனையில் இடும் புள்ளடியும் ஈற்றில் ஒரே கணக்கிற் சேரும். அங்கே அவ்வாறன்று. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர் என்று வகுத்திருக்கிறார்கள். மொத்தம் 538 பேர். வெல்வதற்கு 270 பேர் வேண்டும். இரண்டு சிறிய மாநிலங்கள் நீங்கலாக மற்றெங்கும், மாநிலத்தில் ஒரு வாக்கால் முந்தியவனுக்கே அதன் தேர்வாளர் அனைவரும் உரியர். அவ்வாண்டு நாடு முழுவதிலும் அல் கோர் தமது எதிராளியான ஜோர்ஜ் புஷ்ஷைவிட ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் அதிகம் பெற்றிருந்தார். ஆயினும், அன்று 25 தேர்வாளரைக் கொண்டிருந்த புளோரிடா யார் பக்கம் சாய்கிறதோ அவரே சனாதிபதி என்ற நிலை வந்துவிட்டது. அம்மாநிலத்தின் ஆளுநர் புஷ்ஷின் உடன்பிறந்த தம்பி. தேர்தலுக்குப் பொறுப்பான மாநிலச் செயலாளர், அதே மாநிலத்தில் புஷ்ஷின் பிரசாரக் குழுவுக்கு இணைத் தலைவர். நடுவர் எவ்வளவுதான் நேர்மையாளராக இருந்தாலும், ஒரு கட்சியின் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கலாமா?

நவம்பர் 7ஆந் திகதி இரவு தொலைக்காட்சி நிலையங்கள் புளோரிடாவை முதலில் கோருக்குக் கொடுத்தன, பின்னர் பறித்தன, நள்ளிரவுக்குப் பின் புஷ்ஷுக்குக் கொடுத்தன, விடியுமுன் அதையும் மீட்டுக்கொண்டன. கோர் தோல்வியை ஒப்புக்கொண்டு புஷ்ஷோடு தொலைபேசியிற் பேசினார். சிறிது நேரத்தில் மீண்டும் அழைத்து அதனைத் திரும்பப் பெற்றார். விடிந்தபோது வித்தியாசம் 1,784. அரை வீதத்துக்குக் குறைந்த வித்தியாசம் என்றால் மறுபடி எண்ண வேண்டும் என்பது அம்மாநிலச் சட்டம். இயந்திரத்தில் மறுபடி எண்ணியதும் அது சில நூறாகச் சுருங்கியது.

அதற்குப் பின்னர்தான் உலகம் அவ்வாக்குச் சீட்டுகளை உற்றுப் பார்த்தது. பாம் பீச் மாவட்டத்தில் வேட்பாளர் பெயர்களை இரு பக்கங்களிலும் அச்சிட்டு, துளையிடும் இடங்களை நடுவிலே ஒரே வரிசையாக வைத்திருந்தனர். இடப் பக்கத்தில் இரண்டாவது பெயர் கோர். ஆனால் நடுவில் இரண்டாவது துளை வலப் பக்கத்திலுள்ள பியூக்கானனுக்குரியது. பத்தொன்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இரண்டு பெயருக்குத் துளையிட்டதால் அவர்களின் சீட்டுகள் கழிக்கப்பட்டன. யூத முதியவர்கள் நிறைந்து வாழும் அம்மாவட்டத்தில் தமக்கு விழுந்த மூவாயிரத்துச் சொச்சமும் தமக்கே போடப்பட்டவை அல்ல என்று பியூக்கானனே சொன்னார். இதிற் சூழ்ச்சி எதுவுமில்லை. சீட்டை வகுத்த அதிகாரி கோரின் கட்சியைச் சேர்ந்தவர். முதியோருக்கு எழுத்துப் பெரிதாகத் தெரியட்டும் என்று எண்ணிச் செய்தவர். மாதிரிச் சீட்டு முன்கூட்டியே வெளிவந்தது. இரு கட்சியாரும் பார்த்தனர். எவரும் வாய் திறக்கவில்லை. வாக்களிப்பு முடிந்தபின் நீதிமன்றம் சென்றார்கள், பரிகாரம் கிடைக்கவில்லை.

உலகப் பத்திரிகைகள் பாம் பீச்சோடு நின்றுவிட்டன. நான் உங்களை வடக்கே கட்ஸ்டன் என்னும் சிறிய மாவட்டத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். கமக்காரப் பெருமக்கள் இதைக் கவனிக்க வேண்டும்: அது புகையிலை விளைந்த மண். சுருட்டுக்கு மேலிலையாகச் சுற்றும் மெல்லிய இலையை, துணிப் பந்தலின் நிழலிலே வளர்த்துப் பெயர்பெற்ற மண். புளோரிடாவில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம் அது ஒன்றுதான். 2000ஆம் ஆண்டில் அங்கே இட்ட வாக்குகளில் ஏறத்தாழ எட்டில் ஒன்று கழிக்கப்பட்டது. அந்த மாநிலத்தில் அதைவிடக் கேடான மாவட்டம் வேறில்லை.

“படிப்பறிவு குறைந்த சனங்கள், பிழையாகப் போட்டுவிட்டார்கள்” என்று அன்று சொன்னவர்கள் உண்டு. அப்படியா? எல்லை தாண்டினால் லியோன் மாவட்டம். மாநிலத் தலைநகரான தலகாசி அங்கேதான். இரு மாவட்டத்தாரும் பேனாவால் அடையாளமிடும் ஒரேவகைச் சீட்டையே பயன்படுத்தினார்கள். லியோனிலோ நூற்றில் ஒன்றுகூடக் கழியவில்லை. வித்தியாசம் எங்கே? லியோனில் வாக்காளர் தமது சீட்டைச் சாவடியிலேயே இயந்திரத்துட் செலுத்தினார். இரண்டு பெயருக்கு அடையாளமிட்டிருந்தால் இயந்திரம் அதனைத் திருப்பித் தள்ளும்; அவர் வேறு சீட்டு வாங்கிச் சரியாக இடுவார். கட்ஸ்டனில் சாவடிதோறும் அத்தகைய இயந்திரம் இல்லை. சீட்டுகளைப் பெட்டியிற் போட்டு மாவட்ட நிலையத்துக்கு எடுத்துச் சென்று எண்ணினர். அங்கே இயந்திரம் பிழையைக் கண்டபோது வாக்காளர் வீட்டில் இருந்தார். போதாக்குறைக்கு, வேட்பாளர் பட்டியல் ஒரு நிரலில் அடங்காமல் இரண்டாம் நிரலுக்கும் நீண்டிருந்தது. நிரலுக்கு ஒருவரைத் தெரிய வேண்டும் என்று நினைத்தோர் பலர். கோர் பெயருக்கு அடையாளமிட்டுவிட்டு, கீழே பெயர் எழுதும் வெற்றிடத்திலும் கோர் என்றே எழுதியவர்கள் இருந்தார்கள். இவர்களின் எண்ணத்தில் என்ன ஐயம்? இயந்திரத்துக்கு மட்டும் அது இரட்டை வாக்கு.

கட்ஸ்டனில் கழிக்கப்பட்டவை ஏறத்தாழ 2,000. எண்ணப்பட்ட வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு கோருக்கு விழுந்தது. இதே கதை டுவால் மாவட்டத்தின் கறுப்பினப் பகுதிகளிலும் இன்னும் பெரிய அளவில் நடந்தது. அங்கே பெயர்கள் இரண்டு பக்கங்களுக்கு நீண்டிருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் வாக்களியுங்கள் என்று மாதிரிச் சீட்டே சொல்லியிருந்தது. கறுப்பினத்தவரின் வாக்கு கழிக்கப்படும் வாய்ப்பு மற்றவர்களினதைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு என்று குடியுரிமை ஆணைக்குழு 2001இற் கணித்தது. உறுப்பினர் இருவர் அக்கணிப்பை மறுத்தும் எழுதினார்கள். பத்தோ ஐந்தோ, அந்தப் புகையிலை மண்ணின் கணக்கு எனக்குப் போதும்.

நானும் தேர்தற் காலத்தில் வாக்கெண்ணும் முகவராக இருந்திருக்கிறேன். புள்ளடி கட்டத்துக்கு வெளியே ஒரு நூலளவு ஓடியதற்காக இரு தரப்பாரும் மேசையைத் தட்டிக் கத்தியதைக் கண்டிருக்கிறேன், நானும் கத்தியிருக்கிறேன். கத்தினாலும், அந்தச் சீட்டை மனிதக் கண் பார்த்தது. கோரின் தரப்பார் கேட்டதும் அதுதான்; ஆனால் அரைகுறையாகக் கேட்டார்கள். தமக்கு வாய்ப்பான நான்கு மாவட்டங்களில் மட்டும் கையால் எண்ணுங்கள் என்றார்கள். இது பெரும் பிழை என்பது என் கருத்து. நீதியின் பெயரால் வருபவன் நான்கு மாவட்டத்துக்கு மட்டும் நீதி கேட்கலாகாது. பத்திரிகை நிறுவனங்கள் சேர்ந்து 2001இற் செய்வித்த ஆய்வு இதற்குச் சான்று. கோர் கேட்டபடி எண்ணியிருந்தால் புஷ்தான் வென்றிருப்பார். மாநிலம் முழுவதிலும் கழிக்கப்பட்ட அத்தனை சீட்டையும், இரட்டை அடையாளம் உட்படப் பார்த்திருந்தால் கோர் மயிரிழையில் முந்தியிருப்பார். கட்ஸ்டன் அவருடைய நான்கில் ஒன்றல்ல.

மயாமி-டேட் மாவட்டத்தில் எண்ணும் அறைக்கு வெளியே கூட்டம் கூடிக் கூச்சலிட்டது. எண்ணும் வேலை அன்றே கைவிடப்பட்டது. நவம்பர் 26இல் மாநிலச் செயலாளர் 537 வாக்குகளால் புஷ் வென்றார் என்று சான்றளித்தார். டிசம்பர் 8இல் மாநில உச்ச மன்றம் நால்வருக்கு மூவராகப் பிரிந்து, இயந்திரம் வாக்கெதனையும் காணாத சீட்டுகளை மாநிலம் எங்கும் கையால் எண்ணுமாறு கட்டளையிட்டது. எண்ணத் தொடங்கினர். மறுநாளே வாஷிங்டனில் உள்ள உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வராக அதனை நிறுத்தியது.

டிசம்பர் 12, இரவு பத்து மணியளவில் தீர்ப்பு வந்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் வெவ்வேறு அளவுகோலால் எண்ணுவது சமத்துவத்துக்கு மாறு என்று நீதியரசர் ஒன்பதின்மருள் எழுவர் கண்டனர். நல்லது, எனக்கும் உடன்பாடே. அவ்வெழுவரில் இருவர், ஒரே அளவுகோலை வகுத்து எண்ணட்டும் என்றனர். ஏனை ஐவர், டிசம்பர் 12 கெடு. இனி நேரமில்லை என்றனர். கெடு முடிய இரண்டு மணித்தியாலம் இருந்தது! நேரத்தைத் தின்றது மூன்று நாட் தடையுத்தரவு. அதனை இட்டது அதே மன்றம். இன்னுமொன்று: அத்தீர்ப்புக்கு ஆதாரமான சமத்துவப் பிரிவு 1868இல் விடுதலை பெற்ற அடிமைகளின் காப்புக்காக இயற்றப்பட்டது. அதனைக் கொண்டே அவர்களின் பேரப்பிள்ளைகளுடைய சீட்டுகள் திறக்கப்படாமற் போயின. எண்ணும் முறை மாறுபட்டது சமத்துவக் கேடு என்றால், லியோனில் சீட்டைத் திருப்பிக் கொடுத்த இயந்திரமும் கட்ஸ்டனில் விழுங்கிய பெட்டியும் எந்தச் சமத்துவம்? இக்கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்று மன்றத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். இத்தீர்ப்பு இந்தச் சந்தர்ப்பத்துக்கு மட்டும் உரியது என்று தாமே வரம்பு கட்டிக்கொண்டார்கள். அடுத்த வழக்குக்கு உதவாத தீர்ப்பை எழுதும் நீதிபதியை எந்த மாணவனும் சந்தேகிப்பான்.

கெடு உண்மையில் அவ்வளவு இறுக்கமானதா? 1960இல் ஹவாய் மாநிலத்தில் நிக்சன் 141 வாக்குகளால் வென்றதாகச் சான்று வந்தது. மறு எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கையிலேயே இரு தரப்புத் தேர்வாளரும் கூடி வாக்கிட்டனர். டிசம்பர் கடைசியில் கென்னடி 115ஆல் வென்றார் என்று தெரிந்தது. 1961 ஜனவரி 6இல் கூட்டுச் சபைக்குத் தலைமை வகித்தவர் யார்? தோற்ற நிக்சனே. அவர் தமக்கு எதிரான சான்றையே எண்ணுமாறு விட்டார். மாறுபட்டு எழுதிய நீதியரசர் இதனைச் சுட்டிக்காட்டினார். ஹவாயின் மூன்று தேர்வாளரால் முடிவு மாறாது என்பதால் நிக்சனுக்குப் பெருந்தன்மை எளிதாயிற்று என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிசம்பர் 12 தாண்டியும் எண்ணலாம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

கோர் மறுநாளே பணிந்தார். புளோரிடா 2001இல் துளையிடும் சீட்டை ஒழித்தது. 2002இல் நாடு முழுவதுக்கும் புதுச் சட்டம் வந்தது.

2001 ஜனவரி 6ஆந் திகதி கூட்டுச் சபைக்குத் தலைமை வகிக்கும் கடமை உப சனாதிபதியான கோருக்கே வந்தது. புளோரிடாவின் சான்றை வாசித்ததும், கறுப்பினப் பிரதிநிதிகள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து ஆட்சேபித்தனர். டுவால் மாவட்டத்து மக்களின் பிரதிநிதியான அம்மையாரும் அவர்களுள் ஒருவர். 1887ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சேபத்தில் மூதவை உறுப்பினர் ஒருவரும் கையொப்பமிட்டிருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. நூறு மூதவையாளரில் ஒருவராவது, கோரின் சொந்தக் கட்சியிலாவது, கையொப்பமிடவில்லை. மூதவையாளர் கையொப்பம் உண்டா என்று எழுந்த ஒவ்வொருவரிடமும் கோர் கேட்டார். இல்லை என்றதும், தமக்காக எழுந்தவர்களைத் தாமே அமரச் செய்தார். பின்னர் கணக்கை வாசித்தார்: புஷ் 271, கோர் 266.