முந்தி வந்தவருக்கே முதல் பங்கா?

(விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

விழா நாளில் பந்தி நடப்பதை அனைவரும் கண்டிருப்பர். முதலில் வந்தவர் முதலில் அமர்வர். அதில் எவரும் குறை காண்பதில்லை. ஆனால் உணவு குறைவாகச் சமைத்த நாளில், ஆலயத்தை அடுத்துக் குடியிருப்போர் அனைவரும் உண்டு முடித்தபின், தொலைவூரிலிருந்து குழந்தையைச் சுமந்து நடந்து வந்த தாய் வெறும் அண்டாவைக் கண்டு திரும்ப நேர்ந்தால், அந்த வரிசையை நேர்மையானது என்று சொல்லலாகுமா? விதி எல்லோருக்கும் ஒன்றே. வந்து சேரும் தொலைவுதான் ஒன்றன்று.

பள்ளிக் கட்டடங்களுக்குப் பொதுப் பணத்தைப் பங்கிடுவதிலும் இதே வினா எழுந்தது. எழுந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம்.

அங்கு அரசுப் பள்ளிக் கட்டடச் செலவை மாநில அரசும் உள்ளூர் மக்களும் சேர்ந்தே ஏற்கின்றனர். உள்ளூரார் வாக்களித்துக் கடன் பத்திரம் வெளியிட்டு, அக்கடனைத் தம் வீடு, கடைகளின் மீதான சொத்து வரியால் அடைப்பர். 1998இல் அமைந்த சட்டத்தின்படி, புதுக் கட்டடத்திற்கு மாநிலம் பாதி தரும். ஊர் பாதி தரவேண்டும். மாநிலப் பணமோ, முதலில் விண்ணப்பித்தவருக்கு முதலில் என்ற முறையில் வழங்கப்பட்டது. விண்ணப்பிப்பதற்கு நிலமும் ஒப்புதல் பெற்ற வரைபடமும் கையில் இருக்க வேண்டும்.

இனி, லாஸ் ஏஞ்சலஸ் நகரை ஒட்டிய பெல், ஹண்டிங்டன் பார்க், சவுத் கேட் ஆகிய சிற்றூர்களைக் காண்போர்க்கு உண்மை விளங்கும். உழைக்கும் மக்கள் நெருங்கி வாழும் புறநகர்கள் இவை. இவற்றின் பள்ளிகளை லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி நிர்வாகமே நடத்துகிறது. மாணவர் தொகை பெருகியது. பள்ளிகள் அதற்கேற்பப் பெருகவில்லை. விளையாட்டுத் திடல்களில் தற்காலிக வகுப்பறைகள் எழுந்தன. அவையும் போதாமற்போகவே, ஆண்டு முழுவதும் பள்ளியை ஓட்டும் முறை வந்தது. அவற்றுள் கடுமையானது 'கான்செப்ட் 6' எனப்பட்டது. மாணவர்களை மூன்று பிரிவாக்கி, எந்நேரமும் இரு பிரிவினர் பள்ளியிலும் ஒரு பிரிவினர் விடுமுறையிலும் இருக்கச் செய்வது அம்முறை. இதனால் இரண்டாயிரம் பேருக்கான கட்டடத்தில் மூவாயிரம் பேரைச் சேர்க்க இயன்றது.

இதற்கு விலை கொடுத்தவர்கள் மாணவர்கள். மற்றப் பள்ளிகளில் ஆண்டுக்கு 180 நாள் வகுப்பு. இப்பள்ளிகளில் 163 நாள். ஓராண்டில் 17 நாள் குறைவு; உயர்நிலைப் பள்ளியின் நான்கு ஆண்டுகளில் 68 நாள் குறைவு. அன்றாடப் பாடவேளையை நீட்டி ஈடுசெய்தனர் என்பது மெய்யே. ஆயினும் மூன்று நாளில் படிந்து பதியவேண்டிய கணக்கை இரண்டு நாளில் திணித்தால் அது அவ்வாறே மனத்தில் நிற்குமா? மேலும், சில உயர்தரப் பாடங்கள் ஒரு பிரிவினருக்கே கிட்டின. மற்றப் பிரிவில் சேர்க்கப்பட்ட பிள்ளை, தன் திறமையால் அன்றி, அட்டவணையால் அப்பாடத்தை இழந்தது.

இத்துணை நெரிசல் இருந்தும் பணம் ஏன் முதலில் இங்கு வரவில்லை? நகருக்கு வெளியே விரிந்த புதிய புறநகர்களில் வெற்று நிலம் இருந்தது; வரைபடம் விரைவில் ஆயத்தமாயிற்று; விண்ணப்பமும் முந்திச் சென்றது. பெல் போன்ற ஊரிலோ வெற்றிடம் அரிது. குடியிருக்கும் வீடுகளை விலைக்கு வாங்கவேண்டும். அல்லது பழைய தொழிற்சாலை மண்ணின் நச்சை நீக்கவேண்டும். இதற்கு ஆண்டுகள் பல ஆகும். நெரிசல் மிகுந்த ஊர், நெரிசல் மிகுந்த காரணத்தாலேயே வரிசையில் கடைசியில் நின்றது. தீங்கு செய்யும் நோக்கம் எவருக்கும் இல்லை. ஆனாலும் தீங்கு நேர்ந்தது.

மறுபக்கத்து வாதத்தையும் கேட்பதே முறை. "முன்கூட்டித் திட்டமிட்டோம், வரி செலுத்த இசைந்தோம், எங்கள் பள்ளியிலும் இடம் போதவில்லை. முயன்றவரைப் பின்னுக்குத் தள்ளுவது அறமா?" என்று அப்புறநகர்ப் பெற்றோர் வினவினால், அதனை எளிதில் ஒதுக்க இயலாது. அவர்தம் பிள்ளைகளும் பிள்ளைகளே.

இருதரப்புக்கும் ஒத்த வழி பின்னர் பிறந்தது. நெரிசல் பகுதிகளின் பெற்றோர் 2000ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். தேவையின் அளவையும் எடைபோடும் ஏற்பாடு வந்தது. 2002இல் மக்கள் ஒப்பிய 1,305 கோடி டாலர் கடன் பத்திரத்தில் 170 கோடியும், 2004இல் ஒப்பிய 1,230 கோடியில் 244 கோடியும், மிகு நெரிசல் பள்ளிகளுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்டன. நிலம் கைக்கு வருமுன்பே அப்பணத்தில் தமக்குரிய பங்கைப் பதிந்து வைக்கலாம் என்ற விதியும் அமைந்தது. தொலைவூர்த் தாய் வந்து சேரும்வரை அவளுக்கென ஓர் இலையை எடுத்து வைத்தது போன்றது இது. அதே 2004இல், பள்ளிகளின் அவலநிலை குறித்த மற்றொரு வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பின்தங்கிய பள்ளிகளின் அவசரப் பழுதுபார்ப்புக்கு 80 கோடி டாலர் உறுதி செய்யப்பட்டது. 'கான்செப்ட் 6' முறையை 2012க்குள் ஒழிக்கவும் கெடு விதிக்கப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸ் நிர்வாகம் 2017க்குள் 131 புதுப்பள்ளிகளைக் கட்டி முடித்தது.

எனினும், பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதில் வேறொரு மேடுபள்ளம் எஞ்சியுள்ளது. புதுப்பிக்கும் செலவில் மாநிலம் 60 விழுக்காடு, ஊர் 40 விழுக்காடு என்பது பல்லாண்டு நின்ற கணக்கு. ஒரே மாணவர் தொகையுள்ள இரண்டு ஊர்களை எடுத்துக்காட்டாகக் கொள்க. இரண்டிலும் பணி 10 கோடி டாலர். ஊரின் பங்கு 4 கோடி. ஓர் ஊரின் சொத்து மதிப்பு 400 கோடி. மற்றதன் மதிப்பு 80 கோடி. முதல் ஊரில் ஒவ்வொரு 100 டாலர் சொத்தும் 1 டாலர் சுமக்கும். இரண்டாம் ஊரில் 5 டாலர் சுமக்கும். இச்சுமைக்கு அஞ்சி எளிய ஊர் கடன் பத்திரத்தைக் கைவிட்டால், மாநிலத்தின் 6 கோடியும் அதனுடன் கைநழுவும். ஒன்றும் இயலாத ஊர்களுக்குத் தனிச் சலுகை உண்டெனினும், நடுவில் திணறும் ஊர்கள் பல.

2024 நவம்பரில் மக்கள் ஒப்பிய 1,000 கோடி டாலர் கடன் பத்திரம், எளிய ஊர்களுக்கு மாநிலப் பங்கை 65 விழுக்காடு வரை உயர்த்தியது. மேற்சொன்ன கணக்கில் இரண்டாம் ஊரின் சுமை 5 டாலரிலிருந்து ஏறத்தாழ 4 டாலர் 37 சென்ட்டாகக் குறையும். அண்டை ஊரின் சுமை அதே 1 டாலர். திசை சரியே, நடந்த தொலைவு சிறிது.

அறக்கட்டளையாயினும் அரசாயினும், பங்கிடும் பொறுப்பை ஏற்போர் வரிசை அமைக்குமுன் அவ்வரிசைக்கு வந்து சேர இயலாதவர் யாவர் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. விண்ணப்பங்களை மட்டும் எண்ணுவோர் கண்ணுக்கு, விண்ணப்பிக்கவே வழியற்ற ஊரின் பிள்ளைகள் தென்படுவதில்லை. அவர்களுக்கென ஓர் இலையை முன்னரே எடுத்து வைப்பது சலுகையன்று; பங்கீட்டின் முதற்கடமை.