குடித்தனக்காரர் எங்கே போனார்?



2001-இல் தாம்பரம் நகராட்சியின் மக்கள் தொகை சுமார் 1.38 லட்சம், 2011-இல் 1.75 லட்சம். 2021-இல் பல்லாவரம், பம்மல் முதலியவற்றையும் சேர்த்து மாநகராட்சியே ஆகிவிட்டது. சானடோரியத்தில் 1984-இல் வந்த ஏற்றுமதி மண்டலமும், பின்னர் பழைய மகாபலிபுரம் சாலையில் பெருகிய கணினி நிறுவனங்களும் மாதச் சம்பளக்காரர்களைக் குடியேற்றின. மனை விலையும் வாடகையும் ஏறின.

வீடுள்ளவருக்கு இது வருமானம். தையல் கூலிக்காரருக்கு? அவர் கூடுவாஞ்சேரிக்கு அப்பால் போகிறார். பிள்ளையின் பள்ளி மாறுகிறது, ரயில் செலவு கூடுகிறது.

சிந்தித்துப் பாருங்கள்! உங்கள் மஹல்லா பதிவேட்டில் அவர் பெயர் உண்டா? தெருத்தெருவாகக் கணக்கெடுங்கள். யார் வாடகையில், யார் கடனில், எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தியது என எழுதுங்கள். ஜகாத் அந்தப் பட்டியல்படி போகட்டும்.

வீட்டுக்காரச் சகோதரரே! வாடகையை உயர்த்துமுன், தொழுகை வரிசையில் உங்கள் தோளோடு நிற்பவரைத் திரும்பிப் பாருங்கள்.