காலாண்டு லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் திறக்கும்போது

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு பற்றி எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். குழுக் கூட்டத்தில் பள்ளிக்கூடப் பேச்சு எதுக்குன்னு சிலர் நினைக்கலாம். முதலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், புரட்டாசி மாசம். எங்கள் குழுவில் ஒரு அக்கா இருபதாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டார். என்ன செலவு என்று கேட்டோம். "வீட்டுச் செலவு" என்றார். ஒழுங்காகக் கட்டுகிற அக்கா. அதனால் மறுபேச்சு இல்லை. தீர்மான நோட்டில் எழுதி, பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். காலாண்டுத் தேர்வு முடிந்து லீவு விட்டார்கள். லீவு முடிந்து பள்ளி திறந்தபோது, பத்தாவது படித்த அவர் மகள் போகவில்லை. விசாரித்தால், அவளுடைய அம்மாச்சி ஊரில் வைத்துக் கல்யாணம் முடித்துவிட்டார்கள். பதினாறு வயதுகூட முழுசாக ஆகவில்லை.

அந்தக் கடன் ஒரு தவணைகூடத் தவறாமல் திரும்பி வந்தது. தணிக்கையில் எங்கள் நோட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதில் முதல் கையெழுத்து என்னோடது.

நாம் யாரும் கெட்டவர்கள் இல்லை. அந்த அக்காவும் மகள் மேல் பாசம் இல்லாதவர் இல்லை. "வயசுப்புள்ளைய வீட்டுல வச்சுக்கிட்டு நான் காட்டு வேலைக்குப் போக முடியல, பயமா இருக்கு" என்று அப்புறம் என்னிடம் அழுதார். அந்தப் பயத்தை முதலிலேயே குழுவில் சொல்லியிருந்தால் நாங்கள் ஏதாவது வழி பார்த்திருப்போம். நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு எங்கள் குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு என்று எந்த லீவு முடிந்தாலும், அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் "என் வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போயிருச்சு" என்று சொல்ல வேண்டும். போகவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும். திட்டுவதற்காகக் கேட்கவில்லை.

போன வருஷம் இதே மாதிரி கேட்டபோது ஒரு தங்கச்சி வாயே திறக்கவில்லை. ஒன்பதாவது படிக்கிற பையன், லீவுக்கு மாமா கூட திருப்பூருக்குப் போனவன், பள்ளி திறந்தும் வரவில்லை. கேட்டதற்கு, "அவன் அனுப்புற பணத்துலதான் அக்கா வாரத் தவணை கட்டறேன். உங்க கடனையும் அதுலதான் கட்டறேன்" என்றாள். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாம் தவணை தவணை என்று நெருக்குகிற நெருக்கில், ஒரு பிள்ளை பனியன் கம்பெனியில் நிற்கிறான். அன்றைக்கே உட்கார்ந்து பேசினோம். வெளிக் கடனை அடைக்கக் குழுவிலிருந்து ஒரு ரூபாய் வட்டிக்குப் பணம் கொடுத்தோம். பழைய குழுக் கடனுக்குத் தவணையைப் பாதியாக்கி, மாசத்தைக் கூட்டினோம். பதினோரு நாள் கழித்துப் பையன் வந்தான். தலைமையாசிரியர் ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் வகுப்பில் உட்கார வைத்தார். இப்போது பத்தாவது படிக்கிறான்.

அக்காமார்களே, இந்தக் காலாண்டு லீவுக்குப் பிறகு தாய்மார்கள் கவனிக்க வேண்டியது சில விஷயம் இருக்கிறது.

முதலாவது, காலாண்டுப் பரீட்சைத் தாள். மார்க் எத்தனை என்று மட்டும் கேட்டுவிட்டு விடாதீர்கள். எட்டாவது வரைக்கும் பிள்ளையை நிறுத்தி வைப்பதில்லை. அதனால் வாசிக்கத் தெரியாமலே ஒரு பிள்ளை மேல் வகுப்புக்குப் போய்விடலாம். "எனக்கே எழுதப் படிக்கத் தெரியாது, நான் எப்படிப் பாக்கறது?" என்று கேட்பீர்கள். நானும் குழுவுக்கு வந்துதான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டேன். எங்கள் குழுவில் என்ன செய்கிறோம் தெரியுமா? போன கூட்டத்துத் தீர்மானத்தை ஒவ்வொரு மாசமும் ஒரு பிள்ளையை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறோம். திக்கினால் நமக்கே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளையின் அம்மாவோடு இன்னொருவரும் துணைக்குப் போய் ஆசிரியரைப் பார்த்துவிட்டு வருகிறோம். நம்ம கணக்கும் எல்லார் காதிலும் விழுகிறது.

இரண்டாவது, பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது, பிள்ளை வரவில்லை, இதெல்லாம் பேச வேண்டிய இடம் அதுதான். நம்மில் பல பேர் அதில் உறுப்பினர். ஆனால் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். நம்ம குழுவில் ஒரு ரூபாய்க்குக் கணக்குக் கேட்கிறோமே, அந்த வாயை அங்கேயும் திறக்க வேண்டும். மரியாதையாகக் கேளுங்கள். கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, காலை உணவு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுவது நம்ம குழுப் பெண்கள்தான். எந்தப் பிள்ளை மூன்று நாளாகத் தட்டு நீட்டவில்லை என்பது அவர்கள் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். அதை வகுப்பாசிரியர் காதிலும் அந்தத் தெரு குழுவின் காதிலும் போட்டுவிடுங்கள்.

நான்காவது, காகிதம். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் இருந்தால், பள்ளிப் பதிவில் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மார்க் பட்டியல் அச்சாகி வந்த பிறகு திருத்த அலைய வேண்டியிருக்கும். சாதிச் சான்று, வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் முன்கூட்டியே எழுதிப் போடுங்கள். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு என்.எம்.எம்.எஸ். தேர்வு இருக்கிறது. வருஷ வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கிற வீட்டுப் பிள்ளை எழுதலாம். தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாசம் 1,000 ரூபாய். அறிவிப்பு வந்ததா என்று பள்ளியில் கேட்டுக்கொண்டே இருங்கள். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே 1,000 ரூபாய். பத்தாவதில் நிறுத்திய பிள்ளைக்கு இது எதுவும் கிடையாது.

சந்தேகம் இருந்தால் 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்குப் போன் பண்ணலாம். பதினெட்டு வயசுக்குள் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று காதில் விழுந்தால் 1098. ஆனால் போன் பண்ணுவதற்கு முன்னால் அந்த அம்மா பக்கத்தில் போய் உட்காருங்கள். பயத்தில் இருக்கிறவளுக்கு முதலில் துணைதான் வேண்டும். பேசியும் கேட்கவில்லை என்றால் தயங்காதீர்கள். உறவு முறிந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. நான் முதலில் சொன்னேனே அந்தப் பெண், போன ஆடி மாசம் கைக்குழந்தையோடு ஊருக்கு வந்திருந்தாள். "அத்தை, நான் பத்தாவது பரீட்சை தனியா எழுத முடியுமா?" என்று என்னிடம் கேட்டாள். தனித்தேர்வராக எழுதலாம் என்று பள்ளியில் விசாரித்துச் சொன்னேன். பரீட்சைக் கட்டணத்தை எங்கள் குழு கட்டும் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். அவள் படிக்கப் போகிற நாட்களில் குழந்தையை அவள் அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தீர்மானத்தில் அந்த அக்காதான் முதல் கையெழுத்துப் போட்டார்.

உங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில் சேமிப்புப் பணத்தை எண்ணுவதற்கு முன்னால் பிள்ளைகளை எண்ணுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.