அவர் சொன்னதும் நான் எழுதியதும்



சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெறும் நீங்கள் எல்லோரும் ஆய்வேட்டுக்காக யாரோ ஒருவர் வீட்டு வாசலில் குறிப்பேட்டோடு உட்கார்ந்தவர்கள்தாம். நானும் அப்படி உட்கார்ந்தேன்.

என் முதல் களப்பணியில் ஒரு தூய்மைப் பணியாளரைப் பேட்டி கண்டேன். காலை 11 மணி எனக்கு வசதி. விடியுமுன்னே துடைப்பம் எடுத்த அவருக்கோ அது கண்ணசரும் நேரம். எனக்கு நாற்காலி போட்டுவிட்டு, நிலைப்படியைப் பிடித்தபடி நின்றே பேசினார். ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். “எதுக்கு பாப்பா இது, ரேஷன் கார்டுக்கா?” என்று கேட்டுக்கொண்டே கைநாட்டு வைத்தார். அப்போதே நிறுத்தி விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை. “அந்த வாடை சோத்துலயும் வருது” என்றார். ‘பணிச்சூழல் உணவுப் பழக்கத்தைப் பாதிக்கிறது’ என்று எழுதிக்கொண்டேன். ஆய்வேட்டுக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அவரிடம் நான் திரும்பிப் போகவே இல்லை.

தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் இப்படி வந்து போனவர்களை நிறையப் பார்த்தவர்கள். தங்களிடம் வரும் ஆய்வாளர்களுக்கான நெறிமுறையை 2017இல் தாங்களே வகுத்து வெளியிட்டார்கள். எங்களிடம் தெளிவான மொழியில் பேசு, கல்விக்கூடத்து மொழி வேண்டாம் என்கிறது அது. வெளியிடும் முன் காட்டுவதாகச் சொன்ன வாக்கை ஆய்வாளர்கள் காப்பாற்றவில்லை என்ற மனக்குறையும் அதில் பதிவாகியிருக்கிறது. படித்தபோது அந்தக் கைநாட்டு என் கண்முன் வந்து நின்றது.

நீங்கள் பாடத்தில் படித்த ஃபோட்டோவாய்ஸ் என்ற ஆய்வு முறை 1990களில் சீனாவின் யுன்னான் கிராமங்களில் உருவானது. கரோலின் வாங்கும் மேரி ஆன் பரிஸும் கேமராவைக் கிராமப் பெண்களிடமே கொடுத்தார்கள். எதை எடுப்பது என்பது அந்தப் பெண்களின் முடிவு. எடுத்த படத்துக்குப் பொருள் சொன்னவர்களும் அவர்களே.

நம் ஊரில் இன்னும் அடிப்படையிலேயே தொடங்க வேண்டியிருக்கிறது. குழு விவாதத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்துவிட்டுக் காலனியிலிருந்து யாரும் வரவில்லை என்று எழுதாதீர்கள். பேட்டிக்காக அரை நாள் கூலியை இழப்பவருக்கு அதை ஈடுகட்டத் திட்டச் செலவிலேயே பணம் ஒதுக்குங்கள். எழுதியதை எடுத்துப்போய் வாசித்துக் காட்டுங்கள்.

பல ஆண்டுகள் கழித்து, வேறொரு ஊரில், கணவரை இழந்த ஒரு பெண்ணிடம் அவர் பேட்டியை வாசித்துக் காட்டினேன். பாதியில் கையமர்த்தினார். “அழுதேன்னு போட்டிருக்கியே, மாத்து. எனக்கு அன்னிக்கு வந்தது கோவம்.”

‘கையறுநிலை’ என்று தலைப்பிட்டிருந்த அந்த அத்தியாயம் முழுவதையும் திரும்ப எழுதினேன். எழுதியதை மறுபடியும் அவரிடமே கொண்டுபோனேன்.