ஏன் நாலு, ஏன் பூஜ்யம் இல்லை?



குடியை விடவைக்க ஒருவரைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறார்கள். ஒரு மாதத்தில் மறுபடி பழைய கதை. உடனே தீர்ப்பு வந்துவிடும்: "அவருக்கே மனசு இல்லை, யார் என்ன செய்ய முடியும்?" வீட்டார் மட்டுமல்ல, உளவியல் சிகிச்சையாளர்களும் நெடுங்காலம் இதையே சொல்லிவந்தார்கள். 1970களில் அமெரிக்கச் சிகிச்சை மையங்கள் பலவற்றில், "நீ குடிநோயாளி, ஒப்புக்கொள்" என்று உலுக்கி எடுப்பதே வழக்கம். மறுத்தால், அந்த மறுப்பே நோயின் அறிகுறி என்பார்கள். எந்தப் பக்கமும் தப்ப முடியாத வாதம்!

வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982இல் நார்வேக்குப் போயிருந்தார். பெர்கன் நகருக்கு அருகே ஒரு குடிநோய்ச் சிகிச்சை மையம். அங்கிருந்த உளவியலாளர்கள் நோயாளிபோல நடிக்க, இவர் பேசிக் காட்டினார். அவர்களோ நடுநடுவே நிறுத்திக் கேட்டார்கள்: இந்தக் கேள்வியை ஏன் கேட்டீர்கள்? அவர் சொன்ன இத்தனையில் இதை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டீர்கள்? பதில் சொல்லச் சொல்லத்தான், தான் செய்வது இன்னதென்று மில்லருக்கே பிடிபட்டது. மாறுவதற்கான காரணத்தை அவர் சொல்லவில்லை; நோயாளியைச் சொல்லவைத்துக்கொண்டிருந்தார். 1983இல் கட்டுரையாக எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கும் சேர, 1991இல் அது புத்தகமானது. ஊக்கமூட்டும் நேர்காணல் என்னும் முறை இதுதான்.

குடிப்பவர் மனதில் எப்போதும் இரண்டு கட்சி: விட வேண்டும், விட முடியாது. முதல் கட்சிக்கு நாம் வக்கீலாகிவிட்டால் அவருக்கு மிஞ்சுவது இரண்டாவது. அதைப் பேசப் பேச அவருக்கே அது உறுதிப்பட்டுவிடும். மில்லரும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையாளர் எவ்வளவுக்கெவ்வளவு முட்டி மோதினாரோ, ஓராண்டு கழித்து நோயாளியின் குடியும் அவ்வளவுக்கவ்வளவு கூடுதலாக இருந்தது.

ஒரு கேள்வியைப் பாருங்கள். "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள், குடியை விடுவது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?"

"நாலு இருக்கும் சார்."

"நாலுதானா?" என்று கேட்க நமக்கு நாக்கு துறுதுறுக்கும். கேட்டால் போச்சு. உடம்பு வலி, தூக்கம் வராது, கூட்டாளிகள் விடமாட்டார்கள் என்று குடிக்கான நியாயங்கள் வரிசைகட்டி வரும். கேட்க வேண்டியது தலைகீழாக: "ஏன் நாலு? பூஜ்யம்னு சொல்லலையே?"

சற்று யோசிப்பார். "காலையில கை நடுங்குது சார். பொண்ணு கிட்ட வரவே மாட்டேங்குது."

"மகள் ஒதுங்குறது உங்களை உறுத்துது" என்பதோடு சிகிச்சையாளர் நிறுத்திக்கொள்வார். அடுத்த பேச்சு அவரிடமிருந்து வரட்டும் என்று காத்திருப்பார். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அறிவுரை சொல்லாமல் ஐந்து நிமிடம் இருக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்?

இதை மாயவித்தையாக நினைக்கவும் வேண்டாம். அமெரிக்காவில் 1,726 பேரைக் கொண்டு நடந்த 'புராஜெக்ட் மேட்ச்' ஆய்வின் முடிவுகள் 1997இல் வந்தன. இந்த வழியில் அமைந்த 4 அமர்வுகளும், வேறு இரண்டு முறைகளின் தலா 12 அமர்வுகளும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. மற்றவற்றைவிட உசத்தி என்று சொல்ல முடியாது; நேரம் மிச்சம், அவ்வளவே.

இன்னொன்று. கை நடுங்குகிறது என்றாரே, அது மனசு சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். விடுவதென்று முடிவெடுத்தவரை முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நிறுத்துவது அவர் மேற்பார்வையில் நடக்கட்டும்.