வாய்விட்டு வாசித்த கணக்கு

கூட்டு வாழ்வில் நம்பிக்கை எப்படி விளைகிறது என்று இந்த அவையில் பேசும்படி இக்கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளையார் பணித்திருக்கிறார்கள். தத்துவங்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் கண்ணெதிரே வளர்ந்த மகளிர் சுயஉதவிக் குழுக்களையே எடுத்துக்கொள்கிறேன்.

1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் இந்த முயற்சி தொடங்கியது. 1992இல் நபார்டு வங்கி, நாடெங்கும் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தை அறிவித்தது. பிறகு தமிழக அரசின் 'மகளிர் திட்டம்' வழியாகத் தருமபுரியில் தொடங்கிய முயற்சி மாநிலம் முழுவதும் பரவியது. அடமானம் வைக்க நிலமோ நகையோ இல்லாத பெண்களுக்கு வங்கி எதை நம்பிக் கடன் கொடுத்தது? 12 முதல் 20 பேர் ஒருவரையொருவர் நம்பியதை நம்பித்தான்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைக் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். வட்டமாக உட்காருகிறார்கள். சேமிப்புப் பணத்தைப் பாயின் நடுவில் வைத்து எல்லார் முன்னிலையிலும் எண்ணுகிறார்கள். குழுவை வழிநடத்தும் ஊக்குநர் போன கூட்டத்துத் தீர்மானத்தையும் கணக்கையும் வாசிக்கிறார். யார் எவ்வளவு கட்டினார், குழு தன் சேமிப்பிலிருந்து கொடுத்த உள்கடனில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று வரிவரியாக. படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு அந்தக் குரல்தான் பேரேடு. "போன மாசம் எரநூறு கட்டுனேனே, நூறுன்னு வாசிக்கிறீங்களேக்கா?" என்று ஒருவர் கேட்டால் நல்ல குழுவில் யாருக்கும் முகம் சுருங்காது. பாஸ்புக்கை விரித்து, ஒத்துப்பார்த்து, தவறிருந்தால் அங்கேயே திருத்துகிறார்கள். கேள்வி கேட்பதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாத இந்தப் பழக்கம்தான் அந்தக் குழுவின் உண்மையான மூலதனம் என்பேன்.

இன்னொன்றும் அங்கே நடக்கிறது. வங்கி விண்ணப்பத்தில் 'கறவை மாடு' என்று எழுதுகிற பெண், குழுவில் உள்கடன் கேட்கும்போது "மாமியாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு" என்று உள்ளதைச் சொல்கிறார். ஏளனம் வராது என்ற தைரியம் இருப்பதால் சொல்கிறார். உண்மை தெரிந்தால்தான் அவரால் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று மற்றவர்கள் சரியாக முடிவு செய்ய முடியும்.

கெட்டுப்போன குழுக்களும் உண்டு. கூட்டம் நின்றுவிடும். ஊக்குநர் நோட்டை எடுத்துக்கொண்டு வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவார். வருடக்கணக்கில் அதே இருவர் பொறுப்பில் இருப்பார்கள். பணம் காணாமல் போவது இதற்கெல்லாம் பிறகுதான். தவணை தவறியவர் வீட்டு வாசலில் மற்றவர்களை உட்காரவைத்து வசூலிக்கிற முறையையும் சிலர் குழு ஒற்றுமை என்கிறார்கள். அது அச்சம். அதற்கு நம்பிக்கை என்று பெயர் சூட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

கோயில் கமிட்டி, குடியிருப்போர் நலச்சங்கம், கூட்டுறவுச் சங்கம், ஊர்ச் சங்கம் எனப் பலவற்றிலும் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த கூட்டத்தில் வரவு செலவை 'வாசித்ததாகக் கொள்ளப்பட்டது' என்று எழுதிவிடாதீர்கள். முழுதாக, வாய்விட்டு வாசியுங்கள். முதல் கேள்வி கேட்பவருக்கு உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.