வெற்றிக்கு விழையும் இளம் உள்ளங்கள்



கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை நீளும் கடற்கரையில், விடியற்காலையில் நடந்து சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். மீனவர் குடியில் பிறந்த சிறுவரும் சிறுமியரும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலைகளை நோக்கி ஓடுவார்கள். அதே நேரத்தில், செங்கற்பட்டுக் கொளவாய் ஏரிப் பக்கத்தில் வேறு சிலர் மூச்சிரைக்க ஓடிப் பழகுவார்கள். பதினான்கு, பதினைந்து, பதினாறு என்னும் வயதினர் அவர்கள். அவர்களுடைய கால்களின் வலிமையைப் பற்றிப் பேசுவோர் பலர். அவர்கள் நெஞ்சில் சுமக்கும் பாரத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

2022ஆம் ஆண்டு, மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. இந்திய மண்ணில் அப்போட்டி நடந்தது அதுவே முதன்முறை. அங்கே நம் நாட்டின் இரண்டாம் அணியில் முதற்பலகையில் அமர்ந்தவர் குகேஷ் என்னும் பதினாறு வயதுச் சிறுவர். முதல் எட்டு ஆட்டங்களிலும் தொடர்ந்து வென்றார். பத்தாவது ஆட்டத்தில், உஸ்பெகிஸ்தான் வீரர் அப்துசத்தோரோவுக்கு எதிராக வெற்றி கைக்கெட்டிய நிலையில் தவறிழைத்துத் தோற்றார். தங்கப் பதக்கம் அணியின் கைநழுவியது. தோல்வியால் அவர் துவண்டு அமர்ந்திருந்த தோற்றத்தைக் கண்டோர் எளிதில் மறவார். ஆயினும் மறுநாள் அவர் மீண்டும் பலகையின்முன் அமர்ந்தார். அணி வெண்கலம் வென்றது. முதற்பலகைக்குரிய தனிநபர் தங்கமும் அவருக்கே கிடைத்தது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், பதினெட்டாம் வயதில் சிங்கப்பூரில் உலக வாகையும் சூடினார்.

விழுந்த பிள்ளை மறுநாளே எழுந்தது எவ்வாறு? அதற்கு விடை ஆடுகளத்தில் மட்டும் இல்லை, வீட்டிலும் இருக்கிறது. குகேஷின் தந்தை காது, மூக்கு, தொண்டை மருத்துவர். மகனுடன் ஊர் ஊராகச் செல்வதற்காகத் தம் தொழிலையே நிறுத்தினார். தாயின் ஊதியம் குடும்பத்தைத் தாங்கியது. அதே அணியில் ஆடிய பிரக்ஞானந்தாவின் தாயார் நாகலட்சுமி, வெளிநாடு செல்லும்போதும் அடுப்பும் அரிசியும் எடுத்துச் சென்று மகனுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர். இத்தகைய பிள்ளைகள் பேறு பெற்றவர்கள்.

எல்லா வீடும் அவ்வாறு அமைவதில்லை. மாமல்லபுரத்துச் சிறுமி கமலியின் கதையை 2019ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆவணப்படம் உலகுக்குக் கூறியது. தனியொருத்தியாக நின்று பிள்ளை வளர்த்த தாயின் துணிவே அச்சிறுமியைச் சறுக்குப் பலகையில் ஏற்றியது. 'பெண் பிள்ளைக்கு இது எதற்கு?' என்று கேட்கும் ஊரிலே, 'போய் ஆடு' என்று சொல்ல ஒரு தாய்க்கு எத்துணை உரம் வேண்டும்!

தந்தையின் குடி, தாயின் நோய், தீராத கடன், கடல் சீறும் நாளில் எரியாத அடுப்பு இவையெல்லாம் பிள்ளையுடன் மைதானத்துக்கும் வருகின்றன. இரவெல்லாம் பெற்றோர் சண்டையைக் கேட்டு விழித்திருந்த சிறுவன், காலையில் ஓட்டத்தில் பின்தங்குகிறான். 'சோம்பேறி' என்று பயிற்சியாளர் கடிந்துகொள்கிறார். 'இராத்திரி உறங்கினாயா, தம்பி?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும்.

இனி, நாம் பேசத் தயங்கும் ஒன்றைப் பேசுவோம். அந்த வயதில் உள்ளம் மற்றோர் உள்ளத்தை நாடுவது இயல்பு. அகத்திணை என்று வகுத்து அன்புக்கு இலக்கணம் கண்ட மொழி நம்முடையது. ஆனால் சொந்தப் பிள்ளையிடம் அதைப் பற்றி இரண்டு சொல் பேச நமக்கு நாவெழுவதில்லை.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மாவட்டப் போட்டிக்கு ஒரு மாதமே இருக்கிறது. பெண்ணின் புத்தகத்தில் ஒரு கடிதமோ, கைப்பேசியில் ஒரு செய்தியோ அகப்படுகிறது. அன்றோடு அவளுடைய ஓட்டம் நிற்கிறது. காலணி பரணுக்குப் போகிறது. மாப்பிள்ளை தேடவும் தொடங்குகிறார்கள். அந்தப் பையனோ, ஒரு வாரம் ஏச்சு வாங்கிவிட்டு மீண்டும் மைதானத்துக்கு வந்துவிடுகிறான். இருவர் செய்த ஒன்றுக்கு ஒருத்தி மட்டும் தன் எதிர்காலத்தைத் தண்டமாகக் கட்டுவது என்ன நீதி? பதினெட்டு நிறையாத பெண்ணுக்கு மணம் முடிப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் பெற்றோர் நினைவிற்கொள்ள வேண்டும்.

கண்டிக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. பிள்ளைக்குக் காவல் வேண்டும். நல்லது கெட்டது சொல்லவும் வேண்டும். ஆனால் விளையாட்டைப் பறிப்பது தண்டனையாகாது. கலங்கிய மனத்தை ஒருநிலைப்படுத்தும் பயிற்சியே அதுதான். அதைப் பறித்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கு எஞ்சுவது கலக்கம் ஒன்றே.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். உண்மையான அன்பு காத்திருக்கும். போட்டிக்குரிய பருவம் காத்திராது. 'என்னோடு பேசுவதற்காகப் பயிற்சியை விடு' என்று ஒருவர் கேட்டால், அந்த அன்பை ஆராய்ந்து பாருங்கள். வீட்டுத் துன்பம் தாங்க முடியாதபோது, நம்பத்தக்க ஆசிரியர் ஒருவரிடமேனும் வாய் திறந்து சொல்லுங்கள். சொல்வது கோழைத்தனம் அன்று.

அலைச்சறுக்குப் பழகும் பிள்ளை நாள்தோறும் பலமுறை கடலில் விழுகிறது. அது திரும்பவும் பலகையைப் பற்றுவது, கரையில் தனக்காக ஒருவர் நிற்கிறார் என்ற நம்பிக்கையால். இன்றிரவு உங்கள் பிள்ளை உணவுண்ண அமரும்போது, 'வென்றாயா?' என்று கேட்பதற்கு முன்னால், 'எப்படி இருக்கிறாய்?' என்று கேளுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள்.